எம்போரியா கெசட்: 500 பிரதிகூட விற்காத ஒரு பத்திரிகையின் கதை

1895 ஜூன் மாதம், அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் எம்போரியா என்கிற ஊரில் 27 வயது இளைஞர் ஒருவர் ரயிலை விட்டு இறங்கினார். கையில் இருந்தது மொத்தம் ஒன்றேகால் டாலர். நடந்தே ஊருக்குள் போனால் காசு மிச்சம். ஆனால் அவர் வாடகைக் குதிரைவண்டியில் ஏறினார். பகட்டுக்காக இல்லை. பத்திரிகைக்குப் புது ஆசிரியர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்தார் என்று முதல் நாளே ஊர் பேச ஆரம்பித்தால், அடுத்த நாள் அந்த ஆளை நம்பி யார் கடன் கொடுப்பார்கள், யார் விளம்பரம் கொடுப்பார்கள்? சின்ன ஊரில் எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும், அங்கேயே பிறந்தவர் அவர்.

பெயர் வில்லியம் ஆலன் ஒயிட். அவர் வாங்கியிருந்த பத்திரிகை எம்போரியா கெசட். விலை 3,000 டாலர், அத்தனையும் கடன். அப்போது பத்திரிகைக்கு 5 வயதுதான், விற்பனை 500 பிரதிக்கும் கீழே, போட்டிக்கு அதே ஊரில் வேரூன்றி நின்ற இன்னொரு நாளிதழ் வேறு. கணக்குப் போட்டுப் பார்க்கிற எவரும் இதை வாங்கியிருக்க மாட்டார்கள். அந்தக் கெசட் இன்றைக்கும் வருகிறது, அதே குடும்பத்தின் கையில், நான்காவது தலைமுறையாக. அமெரிக்காவில் 2005-க்குப் பிறகு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பத்திரிகைகள் மூடப்பட்டுவிட்டன, அதில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட சின்ன ஊர்ப் பத்திரிகைகள். அதனால் இந்த ஒன்று எப்படி நின்றது, நின்றதில் எது அதிர்ஷ்டம், எது உழைப்பு, எது தவறு என்று பிரித்துப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

முதல் தலையங்கத்தில் ஒயிட் தன்னைப் பற்றித்தான் எழுதினார். நான் இந்த ஊரில் தங்க வந்திருக்கிறேன், இப்போது இளம் ஆசிரியன், கிழ ஆசிரியன் ஆகும்வரை இங்கேயே இருக்கத்தான் ஆசை என்கிற பொருளில் அது இருந்தது. பத்திரிகை வாங்கும் எல்லாரும் சொல்வதுதானே என்று தோன்றலாம். ஆனால் இந்த ஆள் 1944-இல் சாகும்வரை அதை மீறவில்லை. பெரிய நகரங்களிலிருந்து அழைப்புகள் வந்தன, பெரிய சம்பளங்கள் வந்தன, ஒன்றுக்கும் அசையவில்லை. கெசட்டின் கதையில் மற்ற எல்லாமே இந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்ததுதான் என்பது என் கணிப்பு.

பத்திரிகையில் தினமும் என்ன வந்தது? யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யாருக்குக் கல்யாணம், யார் எந்த ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினார், எந்தக் கடையில் என்ன சரக்கு வந்திருக்கிறது, யார் இறந்தார். வெளியூர்க்காரனுக்கு இது குப்பை. உள்ளூர்க்காரனுக்கு இதுதான் பத்திரிகை, ஏனென்றால் இதில் அவன் பெயர் இருக்கிறது, அல்லது நாளைக்கு வரப்போகிறது. தன் பெயர் வந்த தாளை யாரும் அவ்வளவு சுலபத்தில் தூக்கிப்போட மாட்டார்கள். பெயர் தப்பாக வந்தால் மறுநாள் காலையில் அலுவலக வாசலில் வந்து நிற்பார்கள். நகரத்துப் பத்திரிகையின் வாசகர் கோபப்பட்டால் கடிதம் எழுதுவார். இங்கே வாசகர் நேரில் வருவார், அதுவும் ஆசிரியரின் அப்பாவைத் தெரிந்தவராக இருப்பார்.

இப்படி நேரில் நிகழ்ந்த ஒரு மோதல்தான் கெசட்டை நாடு முழுக்கக் கொண்டுபோனது, ஆனால் அது பெருமைப்படும்படியான விதத்தில் இல்லை.

1896 ஆகஸ்ட். அதிபர் தேர்தல் சூடு. கேன்சஸில் விவசாயிகள் கடனிலும் விலை வீழ்ச்சியிலும் நொந்துபோய், ரயில்வே கம்பெனிகளுக்கும் வங்கிகளுக்கும் எதிராகத் திரண்டு பாப்புலிஸ்ட் கட்சியாக நின்றார்கள். ஒயிட் தீவிரக் குடியரசுக் கட்சிக்காரர். 13-ஆம் தேதி தபால் எடுக்கப் போனவரைத் தெருவில் சில பாப்புலிஸ்டுகள் வளைத்துக்கொண்டு வாட்டி எடுத்துவிட்டார்கள். வெயிலில் பளிச்சென்று வெள்ளை உடுப்பில் போயிருக்கிறார், கேலிக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும். கொதித்துப்போய் அலுவலகம் திரும்பினார், உட்கார்ந்தார், ஒரே மூச்சில் ஒரு தலையங்கம் எழுதிக் கொடுத்துவிட்டு மனைவி இருந்த கொலராடோவுக்கு ரயில் ஏறிவிட்டார். கேன்சஸுக்கு என்னதான் ஆயிற்று என்று கேட்டு, ஊரைவிட்டு ஆட்கள் ஓடுவதற்கும் முதலீடு வராமல் போவதற்கும் இந்தப் பட்டிக்காட்டு அரசியல்தான் காரணம் என்று அந்தத் தலையங்கம் விளாசியது. 15-ஆம் தேதி வெளியானது.

அவர் திரும்பி வருவதற்குள் நிலைமையே மாறிவிட்டது. சிகாகோவிலும் நியூயார்க்கிலும் பத்திரிகைகள் அதை மறுபதிப்புச் செய்தன. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மெக்கின்லியின் தேர்தல் வேலைகளை நடத்திய மார்க் ஹன்னா அதைத் துண்டுப் பிரசுரமாக லட்சக்கணக்கில் அச்சடித்து நாடெங்கும் இறைத்தார். பாப்புலிஸ்டுகள் ஆதரித்த எதிர் வேட்பாளர் பிரயன் தோற்றார், மெக்கின்லி ஜெயித்தார், 500 பிரதிகூட விற்காத பத்திரிகையின் 28 வயது ஆசிரியர் நாடறிந்த மனிதர் ஆனார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கெசட்டைப் பற்றிப் பேசுபவர்கள் பலரும் இதைத்தான் அதன் பெரிய வெற்றியாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுத்தாக அது கூர்மைதான், வேகம்தான், ஆனால் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்து எழுதப்பட்ட ஏளனம் அது. விவசாயி ஏன் கோபமாக இருக்கிறான் என்று ஒரு வரிகூட அதில் கேட்கவில்லை. ஒயிட்டே பிறகு இதை ஒப்புக்கொண்டார். பாப்புலிஸ்டுகள் கேட்ட பலவற்றையும் பின்னாளில் தானே கேட்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தார், ரயில்வே கட்டுப்பாடு உட்பட. 1912-இல் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் குடியரசுக் கட்சியை உடைத்து வெளியே வந்தபோது ஒயிட்டும் கூடவே வெளியேறினார். அவர் அந்தத் தலையங்கத்தின் புகழோடு நியூயார்க் போயிருந்தால் இந்த மாற்றம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். ஊரிலேயே இருந்தார், திட்டியவர்களையே தினமும் தெருவில் பார்த்தார், அவர்கள் வீட்டுச் சாவுக்கு இரங்கல் குறிப்பு எழுதினார். அந்தப் பழக்கம் ஒரு மனிதனின் கருத்தை மெல்ல மெல்ல மாற்றும்.

அடுத்து 1921. கெசட்டில் வந்தவற்றில் நான் திரும்பத் திரும்பப் படித்தது இந்த வருஷத்து எழுத்தைத்தான்.

ஒயிட்டின் மகள் மேரிக்கு 16 வயது, உயர்நிலைப் பள்ளி மாணவி. மே 10-ஆம் தேதி குதிரையில் போய்க்கொண்டிருந்தவள் எதிரே வந்த பள்ளித் தோழனைப் பார்த்துக் கையசைத்தாள். அந்தக் கணத்தில் குதிரை ஓரமாக விலக, தாழ்ந்து தொங்கிய மரக்கிளை தலையில் மோதியது. 13-ஆம் தேதி இறந்துபோனாள். செய்தி நிறுவனம் அவள் குதிரையிலிருந்து விழுந்து இறந்ததாகச் செய்தி அனுப்பியிருந்தது. 17-ஆம் தேதி, மகளைப் புதைத்த ஈரம் காய்வதற்குள், தகப்பன் உட்கார்ந்து கெசட்டில் எழுதினார். எழுத்து எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? அந்தச் செய்தியைத் திருத்துவதில். அவள் விழவில்லை, குதிரையிலிருந்து விழுந்தாள் என்று சொன்னால் அவளே சிரித்திருப்பாள், அவ்வளவு நன்றாகச் சவாரி செய்வாள் என்கிறார்.

ஒரு பத்திரிகைக்காரன் தன் மகளின் சாவிலும் முதலில் தகவல் பிழையைத் திருத்துகிறான். முதல்முறை படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் அந்த எழுத்து முழுக்க அவள் யார் என்பதுதான். நல்லவள், வல்லவள் என்கிற பொத்தாம்பொதுவான வார்த்தைகள் இல்லை. ஊரில் பணக்காரன் ஏழை பார்க்காமல் எல்லாரிடமும் பேசுவாள், காரில் ஆட்களை அடைத்து ஏற்றிக்கொண்டு சுற்றுவாள், நல்ல உடுப்பில் அக்கறை இல்லாதவள், பள்ளி ஆண்டுமலருக்குப் படம் வரைவாள், ஏழைகள் காப்பகத்தில் இருந்தவர்களுக்கு விருந்து போட ஓடியாடினாள், பள்ளியில் கறுப்பினப் பெண்களுக்கு ஓய்வறை இல்லையே என்று அதற்காகப் போராடினாள். 1921-இல், கறுப்பினத்தவரைத் தனியே ஒதுக்கிவைப்பதை எல்லாரும் இயல்பாக எடுத்துக்கொண்ட காலத்தில், ஒரு தகப்பன் மகளின் இரங்கலில் இதைச் சேர்க்கிறார் என்றால் சும்மா சேர்க்கவில்லை. படிக்கிறவர்கள் எல்லாரும் அந்தப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள். அவர்கள் காதில் விழ வேண்டும் என்றுதான் சேர்த்திருக்கிறார்.

நாடு முழுக்க அதை மறுபதிப்புச் செய்தார்கள், தலைமுறை தலைமுறையாகப் பாடப்புத்தகங்களில் வந்தது. ஆனால் அது எம்போரியாக்காரர்களுக்கு எழுதப்பட்டது, அவளைத் தெரிந்தவர்களுக்கு. ஒரு வரி பொய்யாக இருந்தாலும் அந்த ஊரில் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள், அதனால்தான் அதில் மிகை இல்லை. பிறகு அவள் நினைவாக ஒயிட் குடும்பம் நிலம் கொடுத்து ஊருக்குப் பீட்டர் பான் பூங்கா வந்தது.

1922-இல் நடந்தது வேறு மாதிரி. ஜூலை முதல் தேதி ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், சுமார் 4 லட்சம் பேர். எம்போரியா ரயில்வே ஊர், சாண்டா ஃபே பாதை அதன் வழியாகத்தான் போகிறது, அதனால் வேலைநிறுத்தக்காரர்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். ஊர்க் கடைக்காரர்கள் தொழிலாளர்களுக்கு நூறு சதவீதம் ஆதரவு என்று போட்ட அட்டைகளைக் கண்ணாடி ஜன்னலில் மாட்டினார்கள். கேன்சஸில் 1920-இல் வந்த ஒரு தொழிலகச் சட்டம் மறியலைத் தடை செய்திருந்தது. ஜன்னலில் அட்டை மாட்டுவதும் மறியல்தான் என்று ஆளுநர் ஹென்றி ஆலன் முடிவு செய்து எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்.

ஆலன் யார் என்றால் ஒயிட்டின் நெருங்கிய நண்பர். அவரும் பத்திரிகைக்காரர். முதல் உலகப்போரின்போது செஞ்சிலுவைப் பணிக்காக இருவரும் சேர்ந்தே பிரான்ஸ் போய் வந்தவர்கள். அப்படிப்பட்ட நண்பரின் உத்தரவை மீறி ஒயிட் தன் அலுவலக ஜன்னலில் ஓர் அட்டை மாட்டினார். அதில் ஆதரவை நூறிலிருந்து பாதியளவுக்குக் குறைத்திருந்தார், வன்முறை இல்லாமல் நகரும் ஒவ்வொரு நாளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவேன் என்றார். அதாவது வேலைநிறுத்தத்தை முழுதாக ஏற்றுக்கொண்டு இதைச் செய்யவில்லை. சரி என்று தோன்றுவதைச் சொல்லும் உரிமை கடைக்காரனுக்கு உண்டா இல்லையா என்பதுதான் அவர் கிளப்பிய கேள்வி. அரசு அவர்மேல் வழக்குப் போட்டுக் கைது செய்தது.

அந்தச் சமயத்தில் ஒரு நண்பர், நாடு கொந்தளித்துக் கிடக்கும்போது பேச்சுச் சுதந்திரத்தைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கக் கூடாதா என்று கேட்டார். ஜூலை 27-ஆம் தேதி வந்த பதில் தலையங்கம்தான் அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு வாங்கியது. அமைதியான காலத்தில் பேச்சுச் சுதந்திரம் யாருக்கும் தேவைப்படுவதில்லை, ஆபத்தான காலத்தில்தான் அதன் தேவையே வருகிறது, நியாயம் இல்லாத அமைதி கொடுங்கோன்மைதான் என்று அதில் வாதாடினார். 1896-இன் கோபம் இதில் இல்லை. எதிராளி நண்பன் என்பதால் குரலை உயர்த்தாமல் நிதானமாகப் பேசுகிறார், ஆனால் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. டிசம்பரில் அரசே வழக்கைக் கைவிட்டது. நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்த ஒயிட்டுக்கு அதில் வருத்தம்தான். ஆலனோடு நட்பு முறியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

1924-ஐச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் கேன்சஸில் வேர்விட்டிருந்தது. ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் அதைக் கண்டிக்க மறுத்தார். 56 வயதில் ஒயிட் சுயேச்சையாக நின்று, காரில் மாநிலம் முழுக்கச் சுற்றி கிளானைக் கிழித்தார். ஜெயிக்கவில்லை, மூன்றாவது இடம், சுமார் 1,49,000 வாக்குகள். ஆனால் கிளானைப் பெயர் சொல்லிப் பேச அஞ்சியவர்கள் அதன் பிறகு பேசத் தொடங்கினார்கள். 1925-இல் மாநில உச்ச நீதிமன்றம் உரிமம் இல்லாமல் கிளான் கேன்சஸில் இயங்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஒரு பத்திரிகை ஆசிரியர் தேர்தலில் நிற்பது சரியா என்று கேட்டால், பொதுவாக நான் சரியில்லை என்றுதான் சொல்வேன். இந்த ஒரு தடவை அவர் செய்ததைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒயிட் 1944 ஜனவரி 29-இல் இறந்தார், அது கேன்சஸ் மாநிலம் உருவான நாள். கிழ ஆசிரியர் ஆகும்வரை இருக்க ஆசைப்பட்டவர் 75 வயதுவரை இருந்தார். 1948-இல் அவர் படம் போட்ட தபால்தலை வந்தது. மகன் வில்லியம் லிண்ட்சே ஒயிட் போர் நிருபராகப் பெயர் வாங்கியவர், கெசட்டைத் தொடர்ந்து நடத்தி 1973-இல் இறந்தார். அதன் பிறகு அவர் மனைவி, பிறகு மகள் குடும்பம்.

குடும்பம் தக்கவைத்துக்கொண்டது என்பதைச் சாதாரணமாகத் தாண்டிப்போகக் கூடாது. நிறுவனங்கள் சின்ன ஊர்ப் பத்திரிகைகளை வரிசையாக வாங்கும்போது முதலில் ஆட்களைக் குறைக்கிறார்கள், பிறகு அலுவலகத்தை மூடுகிறார்கள், பிறகு பத்து ஊருக்கு ஒரே பக்கத்தை அனுப்புகிறார்கள். ஊரில் ஆசிரியரே இல்லை என்றால் கோபத்தோடு வருகிற வாசகர் எந்தக் கதவைத் தட்டுவார்?

ஆசிரியர் ஊரிலேயே இருப்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதற்கு ஓர் உதாரணம் அதே கேன்சஸில், எம்போரியாவுக்கு மேற்கே மேரியன் என்கிற ஊரில் இருக்கிறது. 2,000 பேர்கூட இல்லாத ஊர். மேரியன் கவுன்டி ரெக்கார்ட் என்கிற வார இதழ் 1869-இல் தொடங்கியது. அதை நெடுங்காலம் நடத்திய எட்வர்ட் ஹோக் 1905 முதல் 1909 வரை மாநில ஆளுநராகவும் இருந்தவர். 1948-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த பில் மேயரின் குடும்பம் 1998-இல் ஹோக் குடும்பத்திடமிருந்து பத்திரிகையை வாங்கியது. பில்லுக்குப் பிறகு மனைவி ஜோன், மகன் எரிக்.

2023 ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை, ஊர்க் காவல்துறை பத்திரிகை அலுவலகத்திலும் எரிக் மேயரின் வீட்டிலும் புகுந்து கணினிகளையும் கைபேசிகளையும் அள்ளிக்கொண்டு போனது. உள்ளூர்க்காரர் ஒருவரின் ஓட்டுநர் பதிவேடு பற்றிய தகவலை நிருபர் அரசு இணையதளத்தில் சரிபார்த்தது குற்றம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தத் தகவலைப் பத்திரிகை வெளியிடவே இல்லை. ஊருக்குப் புதிதாக வந்திருந்த காவல்துறைத் தலைவரின் பழைய பணி பற்றியும் அதே பத்திரிகை அப்போது விசாரித்துக்கொண்டிருந்தது. செய்தியாளர்களின் பொருள்களைச் சோதனை போட்டுப் பறிப்பதை 1980-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டமே பெருமளவு தடுக்கிறது, அழைப்பாணை கொடுத்துக் கேட்பதுதான் முறை.

வீட்டில் அப்போது இருந்தவர் 98 வயது ஜோன் மேயர். நடக்க உதவும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, என் வீட்டை விட்டு வெளியே போங்கள் என்று காவலர்களை அவர் விரட்டுவது வீட்டுக் கேமராவில் பதிவாகியிருக்கிறது. மறுநாள் அவர் இறந்தார். அந்த அதிர்ச்சிதான் காரணம் என்று மகன் சொன்னார்.

1922-இல் எம்போரியாவில் ஆளுநரும் ஆசிரியரும் மோதியபோது ஒருவரை ஒருவர் தெரிந்திருந்தது மோதலை மனிதத் தன்மையோடு வைத்திருந்தது. மேரியனில் அதே நெருக்கம் விஷமாகிப் போனது. சின்ன ஊரில் எல்லாரும் எல்லாரையும் தெரிந்திருப்பது பத்திரிகைக்குப் பலம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. யாருடைய ரகசியம் யாருக்குத் தெரியும் என்கிற பயமும் அங்கேதான் அதிகம், அந்தப் பயம் அதிகாரத்தில் இருப்பவருக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை மேரியன் காட்டியது.

கணினி இல்லை, பழைய கோப்புகள் இல்லை. இருந்த சில பேர் இரவு முழுக்க உட்கார்ந்து பக்கங்களை முதலிலிருந்து அமைத்தார்கள். புதன்கிழமை, ஆகஸ்ட் 16, வழக்கமான நாளில் இதழ் வந்தது. பறிக்கப்பட்டோம், ஆனால் வாய் அடைக்கப்படவில்லை என்று கொட்டை எழுத்தில் முதல் பக்கத் தலைப்பு. அன்றைக்கே மாவட்ட அரசு வழக்கறிஞர் போதிய ஆதாரம் இல்லை என்று சோதனை ஆணையைத் திரும்பப் பெற்றார். அக்டோபரில் காவல்துறைத் தலைவர் பதவி விலகினார். சுமார் 4,000 பிரதி போய்க்கொண்டிருந்த இதழுக்கு நாடெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கில் புதிய சந்தாக்கள் வந்து விழுந்தன. 2025 நவம்பரில் மாவட்ட நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு 30 லட்சம் டாலருக்குமேல் கொடுக்க ஒப்புக்கொண்டது.

அதற்கெல்லாம் முன்னால், எதுவும் தெரியாத அந்த ஆகஸ்ட் 16 காலையில், அச்சு மை வாசனையோடு கட்டுக்கட்டாக வந்த இதழில் வழக்கமான உள்ளூர்ச் செய்திகளும் இருந்தன.